வாக்கு எண்ணப் பிறந்து குதிரைக்குப் போன எந்திரம்

1913ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தை ஒட்டிய எல்லர்ஸ்லி குதிரைப் பந்தயத் திடலில் புதிதாகப் பெரிய கொட்டகை ஒன்று எழுந்திருந்தது. அதன் முகப்பில் ஒவ்வொரு குதிரையின் எண்ணுக்கும் நேராக ஒரு தொகை, எல்லாக் குதிரைகளுக்கும் சேர்த்து ஒரு மொத்தத் தொகை. கீழே டிக்கெட் விற்கும் ஜன்னல்கள் முப்பது. ஏதோ ஒரு ஜன்னலில் யாரோ ஒருவர் ஏழாம் எண் குதிரைக்கு டிக்கெட் வாங்கினால், மேலே ஏழாம் எண்ணுக்கு நேரான தொகை ஒன்று ஏறும், மொத்தத்திலும் ஒன்று ஏறும். ஏணியில் ஏறி எண்ணை மாற்றும் ஆள் இல்லை. கூட்டிக் கொடுக்கும் கணக்குப்பிள்ளையும் இல்லை. கொட்டகைக்குள்ளே பியானோக் கம்பிகளும் கப்பிகளும் சைக்கிள் சங்கிலிகளும் வார்ப்பிரும்பு எடைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. உலகின் முதல் தானியங்கி டோட்டலைசேட்டர் அதுதான். டோட்டலைசேட்டரைத்தான் ரேஸ் கோர்ஸ்காரர்கள் ‘டோட்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

அதைச் செய்த பொறியாளர் ஜார்ஜ் ஜூலியஸ் அதைக் குதிரைகளுக்காகத் தொடங்கவில்லை. தேர்தல் வாக்குகளை எண்ணத்தான் தொடங்கினார். ஒரு ஜனநாயக அரசு வேண்டாம் என்று சொன்ன எந்திரத்தை ஒரு பந்தய கிளப் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. அரசுகள் எதை எண்ணி மக்களுக்குக் காட்ட ஒப்புக்கொள்கின்றன, எதற்குத் தயங்குகின்றன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் முன்னால் வருகிறது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பந்தயத்தில் பணம் கட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, புக்கியிடம் கட்டுவது. இந்தக் குதிரை ஜெயித்தால் ஒன்றுக்கு ஐந்து தருகிறேன் என்று புக்கி விலை சொல்வார். அந்த விலையை நிர்ணயிப்பவர் அவர். அதில் லாபமோ நஷ்டமோ அவருடையது. இரண்டாவது வழியை 1860களில் பாரிஸில் பரப்பியவர் ஜோசப் ஓலேர். கத்தலோனியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. பின்னாளில் மூலான் ரூழ் என்ற புகழ்பெற்ற கேளிக்கை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அவருடைய முறையில் கட்டுகிற எல்லாருடைய பணமும் ஒரே தொட்டியில் விழும். தொட்டியில் ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். நடத்துபவரின் பங்காகவும் வரியாகவும் பதினைந்தாயிரம் போனால் மீதி எண்பத்தைந்தாயிரம். ஜெயித்த குதிரையின் மேல் கட்டப்பட்டிருந்தது பதினேழாயிரம் என்றால் ரூபாய்க்கு ஐந்து ரூபாய். விலையை யாரும் தங்கள் இஷ்டத்துக்குச் சொல்வதில்லை. கட்டிய கூட்டமே தனக்குத் தெரியாமல் விலையை உண்டாக்கிவிடுகிறது. எந்தக் குதிரை ஜெயித்தாலும் நடத்துபவருக்குப் பங்கு ஒன்றுதான் என்பதால், குதிரையை மடக்கிவைக்க அவருக்குக் காரணமும் குறைவு.

பிரெஞ்சு நீதிமன்றங்கள் முதலில் இதையும் சூதாட்டம் என்று சொல்லி ஓலேருக்குத் தண்டனை கொடுத்தன. 1891இல் அதே நாடு சட்டம் போட்டு இந்த முறைக்கு அனுமதி தந்து, புக்கிகளைத் தள்ளிவைத்தது. மனம் மாறியதற்குக் காரணத்தை வெகுதூரம் தேட வேண்டாம். தொட்டி ஒன்றாக இருந்தால் அதிலிருந்து அரசு தன் பங்கை எடுக்கலாம். நூறு புக்கிகளின் சட்டைப் பைக்குள் எட்டிப்பார்த்து வரி வாங்க எந்த அரசாலும் முடியாது.

நியூசிலாந்து இந்தப் பாதையில் இன்னும் முன்னாலேயே நடக்கத் தொடங்கியிருந்தது. 1881ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் பொதுவாகச் சூதாட்டத்தைத் தடுத்துவிட்டு, உரிமம் பெற்ற பந்தய கிளப்புகளுக்கு மட்டும் இந்தப் பொதுத்தொட்டி முறையில் டோட் நடத்த வழிவிட்டது. 1910இல் வந்த திருத்தம் புக்கிகளைப் பந்தயத் திடல்களிலிருந்து வெளியேற்றியது. அன்றிலிருந்து சட்டப்படி பணம் கட்ட ஒரே வழி டோட். ஒரு தொழிலில் எல்லாரையும் விலக்கி ஒருவருக்கு மட்டும் இடம் கொடுக்கும்போது, அந்த ஒருவரின் கணக்குக்கு அரசே ஜாமீன் நின்றதாகிவிடுகிறது. கணக்குப் பிசகினால் ஏமாந்தவர் கிளப்பைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். வேறு வழியில்லாமல் செய்தது யார் என்று கேட்பார்.

கணக்கு பிசகத்தான் செய்தது. கையால் ஓட்டிய அந்தக் கால டோட்டை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். இருபது முப்பது ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். எந்தக் குதிரைக்கு எத்தனை என்று சத்தம் போட்டுச் சொல்கிறார், அல்லது தாளில் கோடு போடுகிறார். உள்ளே ஒருவர் அதைக் கூட்டிப் பலகையில் எண்ணைத் திருப்புகிறார். பந்தயம் தொடங்கும் முன்பான கடைசிச் சில நிமிடங்களில்தான் கூட்டம் முண்டியடிக்கும். தவறும் அங்கேதான் பெருகும். பத்து டிக்கெட் எண்ணிக்கையில் விட்டுப்போனால் போதும், ஜெயித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையே மாறிவிடும். பிழை ஒரு பக்கம் என்றால் துணிவு இன்னொரு பக்கம். குதிரைகள் ஓடத் தொடங்கிய பிறகு, எது முந்துகிறது என்று பார்த்துக்கொண்டே உள்ளிருப்பவர் தன் ஆளுக்கு ஒரு டிக்கெட் சேர்த்துவிட்டால் வெளியே யாருக்குத் தெரியும்? எல்லாருடைய பணமும் ஒரே தொட்டியில் இருப்பதால், அப்படி ஒருவர் திருடுவது வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருடைய பையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுவதுதான்.

இந்த இடத்தில் ஜூலியஸ் வருகிறார். 1873இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்தவர். தந்தை சர்ச்சில் ஜூலியஸ் பாதிரியார். குடும்பம் 1884இல் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊருக்கு வந்தது. 1890இல் தந்தை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மறைமாவட்டத்துக்கு ஆயராகப் போனார். பின்னாளில் அந்நாட்டின் பேராயரும் ஆனார். தந்தைக்குக் கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் தனி ஈடுபாடு. மகன் பல்சக்கரங்களுக்கு நடுவே வளர்ந்தார்.

கிறைஸ்ட்சர்ச் அன்று சும்மா இருந்த ஊர் அல்ல. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுக் கேட் ஷெப்பர்ட் இயக்கம் நடத்திய ஊர் அது. 1893இல் ஏறத்தாழ 32,000 பெண்கள் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டே நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க உரிமை தந்த முதல் தன்னாட்சி நாடாக நியூசிலாந்து ஆனது. இருபது வயது ஜூலியஸ் அப்போது அங்கேதான் இருந்தார். 1896இல் அவ்வூர்க் கேன்டர்பரி கல்லூரியில் பொறியியல் பட்டம் பெற்றார். வாக்கு எண்ணும் எந்திரம் என்ற எண்ணத்தின் விதை அங்கே விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குச் சான்றும் இல்லை. ஆனால் வாக்காளர் பட்டியல் ஒரே ஆண்டில் பெருத்துப்போன ஒரு நாட்டில் இளமையைக் கழித்தவர் அவர் என்பது இந்தக் கதையில் இருக்க வேண்டிய செய்தி.

படிப்பு முடிந்ததும் மேற்கு ஆஸ்திரேலியா. அரசு ரயில்வேயில் பொறியாளர் வேலை. அங்கே அவர் பெயர் வாங்கியது மரத்தில். அந்த மாநிலத்துக் கடின மரங்கள் எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது முறியும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து 1906இல் முடிவுகளை வெளியிட்டார். உளுத்த மரத்தின் மேல் பாலம் போட்டால் என்னவாகும் என்று தெரிந்தவருக்கு அளவின் அருமை தெரியும். 1907இல் சிட்னிக்கு வந்து ஆலோசனைப் பொறியாளராக நிலைகொண்டார்.

அந்தக் காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்த ஒரு நண்பர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். வாக்குகளை எந்திரமே பதிந்து, எந்திரமே கூட்டி, மனிதக் கை படாமல் முடிவைச் சொன்னால் தேர்தல் எவ்வளவு விரைவாக முடியும்? ஜூலியஸ் உட்கார்ந்து அப்படி ஒன்றை வடிவமைத்தார். அரசின் முன் வைக்கப்பட்டது. பார்த்தார்கள், பரிசீலித்தார்கள், செலவு கட்டுப்படியாகாது என்று திருப்பிவிட்டார்கள்.

இதற்கு ஒரு தமையன் உண்டு. 1869இல் தாமஸ் எடிசன் வாங்கிய முதல் காப்புரிமையே வாக்குப் பதியும் மின்பொறிக்குத்தான். உறுப்பினர்கள் இருக்கையிலிருந்தே விசையைத் தட்டினால் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று நொடியில் தெரிந்துவிடும். அமெரிக்கச் சட்டமன்ற அரசியல்வாதிகள் அதைத் தொடக்கூட இல்லை. எண்ணிக்கை மெதுவாக நடந்தால்தான் இடையில் பேரம் பேசலாம், பிடிக்காத மசோதாவை இழுத்தடிக்கலாம். ஜூலியஸுக்குச் சொன்ன காரணம் செலவு, எடிசனுக்குச் சொன்ன காரணம் வேகம். வாக்கு எந்திரம் செய்ய வந்தவர்கள் இருவருமே சிறந்த பொறியாளர்கள். இருவருக்கும் வாசல் திறக்கவில்லை என்பதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. தேர்தல் முடிவை எண்ணுவதற்கு ஆகும் செலவு அதிகம் என்று ஓர் அரசு சொல்லும்போது, எதோடு ஒப்பிட்டு அதிகம் என்று குடிமக்கள் கேட்க வேண்டும்.

இன்னொரு நண்பர் ஜூலியஸிடம் வந்தார். ஒரு பந்தய கிளப் டோட் கணக்கைச் சரிசெய்ய நல்ல பொறியைத் தேடுகிறது, உன் வாக்கு எந்திரத்தை அதற்கு மாற்றிக் கொடேன் என்றார். ஜூலியஸ் அதுவரை பந்தயத் திடலையே பார்த்ததில்லை. ஆயர் வீட்டுப் பிள்ளை. ஆனால் அவரை இழுத்தது குதிரையோ பணமோ அல்ல, கணக்கின் கடினம்.

வாக்குச் சாவடியில் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். டோட்டில் அப்படி இல்லை. முப்பது ஜன்னல்களில் முப்பது பேர் ஒரே கணத்தில் ஒரே குதிரைக்கு டிக்கெட் கொடுக்கலாம். முப்பதும் எண்ணப்பட வேண்டும். ஒன்று மற்றொன்றை மறைத்துவிடக் கூடாது, ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்கவும் கூடாது. மின்னணு இல்லாத காலம். கையில் இருப்பது இரும்பும் கம்பியும்தான்.

அவர் கண்ட தீர்வு கடிகாரத்திலிருந்தும் வண்டியின் அச்சிலிருந்தும் வந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விசை. அதை இழுத்தால் கம்பி வழியாக உள்ளே ஒரு பல்சக்கரம் ஒரே ஒரு பல் மட்டும் விடுபடும். கடிகாரத்தில் ஊசல் ஒவ்வொரு முறை ஆடும்போதும் ஒரு பல்லை விட்டுக்கொடுக்கிறதே, அதே எஸ்கேப்மென்ட் முறை. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பல். அரைப் பல்லோ இரண்டு பல்லோ போக வழியே இல்லை. இனி இந்தச் சக்கரங்களைக் கூட்ட வேண்டும். லாரியின் பின் அச்சில் டிஃபரென்ஷியல் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது இடச் சக்கரமும் வலச் சக்கரமும் வெவ்வேறு அளவு சுற்றினாலும், இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி எவ்வளவோ அவ்வளவு நடுக் கூண்டு சுற்றும். இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றினாலும், ஒன்று நின்று ஒன்று சுற்றினாலும் கூண்டின் கணக்கு தப்பாது. அதாவது அது ஒரு கூட்டல் பொறி. ஜூலியஸ் இரண்டு ஜன்னல்களை ஒரு டிஃபரென்ஷியலில் சேர்த்தார். அப்படிச் சேர்ந்த இரண்டை இன்னொன்றில் சேர்த்தார். கிளை கிளையாகக் கூடி வந்து கடைசியில் ஒரு குதிரைக்கு ஒரே ஒரு தண்டு சுற்றும். குதிரைத் தண்டுகள் எல்லாம் மறுபடி கூடி மொத்தத்துக்கு ஒரு தண்டு. அந்தத் தண்டுகள்தான் வெளியே முகப்பில் எண்களைத் திருப்பின.

கனமான எண் சக்கரங்களை டிக்கெட் விற்பவரின் கைவிசையால் திருப்ப முடியாது. அதற்குத் தொங்கவிட்ட எடைகள். எடை மெல்ல இறங்க, அந்த இழுப்பில் தண்டு சுற்றும். கைவிசை செய்வது பல்லை விடுவிப்பது மட்டும்தான். எல்லர்ஸ்லியின் முதல் எந்திரம் இப்படி முழுக்க இயந்திர முறையில் ஓடியது, மின்சாரம் பின்னால் வந்தது. கடைசி நிமிடக் கூட்டத்தில் டிக்கெட்டுகள் கனமான சக்கரங்களை மிஞ்சும் வேகத்தில் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் பின்னாளில் வழி கண்டார். வந்த எண்ணிக்கையைத் தற்காலிகமாகத் தேக்கி வைத்து, சக்கரம் தன் வேகத்தில் வந்து சேரும் வரை பொறுத்திருக்கும் ஓர் உறுப்பை இடையில் வைத்தார். டிக்கெட்டை அச்சிட்டுக் கொடுக்கும் பொறியும் அதோடு இணைந்தது. பந்தயம் தொடங்கும் கணத்தில் எல்லா ஜன்னல்களையும் ஒருசேரப் பூட்டிவிடலாம் என்றானதும், குதிரைகள் ஓடத் தொடங்கிய பிறகு டிக்கெட் சேர்க்கும் பழைய தந்திரம் செத்தது.

எல்லர்ஸ்லிக்குப் பிறகு வளர்ச்சி வேகமாக நடந்தது. அதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 1917இல் ஜூலியஸின் எந்திரங்களை விற்க ஆட்டோமேட்டிக் டோட்டலைசேட்டர்ஸ் என்ற நிறுவனம் சிட்னியில் பிறந்தது. 1928இல் பாரிஸின் லோன்ஷான் திடலில் 273 ஜன்னல்கள் இணைந்த எந்திரம் நின்றது. ஓலேரின் ஊருக்கே அவருடைய முறை இரும்பு உடம்போடு திரும்பி வந்தது. 1932இல் அமெரிக்காவின் மயாமிக்குப் பக்கத்தில் ஹயலியா. பிரிட்டன் 1928இல் தனிச் சட்டம் இயற்றி, பந்தயத் திடல்களில் டோட் நடத்த ஓர் அரசு வாரியத்தையே ஏற்படுத்தியது. வாக்குப் பொறியை வாங்க முடியாத ஆஸ்திரேலிய அரசு 1926இல் ஜூலியஸை நாட்டின் அறிவியல், தொழிலாய்வு மன்றத்தின் முதல் தலைவராக்கியது; பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1946இல் மறைந்தார்.

லண்டன் ஹாரிங்கே நாய்ப் பந்தய அரங்கில் 1930இல் பூட்டிய ஜூலியஸ் எந்திரம் 1987 வரை வேலை செய்தது. அப்போது அதைப் பார்த்த டோரன் ஸ்வேட் என்பவர் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் கணினிப் பிரிவைக் கவனித்தவர். பல இடங்களிலிருந்து பலர் ஒரே நேரத்தில் தகவலை உள்ளிட, அது அந்தக் கணமே கூட்டப்பட்டு எல்லாருக்கும் காட்டப்படும் முறைக்கு மிகத் தொடக்கக்கால எடுத்துக்காட்டு இது என்று அவர் எழுதினார். ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு என்று இன்று நாம் பழகிவிட்ட காரியங்களின் கரு, கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில் ஒரு பந்தயக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

டோட் வந்ததால் சூது நல்லதாகிவிடவில்லை. சம்பளத்தைத் திடலில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவருக்குக் கூட்டுத்தொகை சரியாக இருந்ததில் என்ன ஆறுதல்? ஆனாலும் ஒன்று நடந்தது. ஒரு நாளில் ஒரு திடலில் மக்கள் எவ்வளவு பணத்தைப் போட்டார்கள், அதில் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு கிளப்புக்கும் எவ்வளவு அரசுக்கும் போனது என்பது யாரும் மறுக்க முடியாத எண்ணாக மாறியது. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் அமைச்சர் சொல்லியாக வேண்டிய எண் அது. சூதால் வரும் கேட்டைப் பற்றி அரசிடம் வாதாட வேண்டுமானால் முதலில் கையில் இருக்க வேண்டியது அந்த எண்தான்.

எண்ணிக் காட்டும் அந்தப் பழக்கத்தை நியூசிலாந்து விடவில்லை. திடலுக்கு வெளியே சட்டவிரோதமாகப் புக்கிகள் பெருகியபோது அரச ஆணையம் வைத்து விசாரித்தார்கள். 1949 மார்ச்சில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மை சம்மதித்த பிறகு 1951இல் திடலுக்கு வெளியே பணம் கட்டும் அரசுசார் அமைப்பு வந்தது. மதுக்கூடங்களிலும் கிளப்புகளிலும் இருக்கும் காசு போடும் சூதாட்டப் பொறிகள் அத்தனையும் 2007இல் ஒரே மையக் கண்காணிப்பு வலையில் இணைக்கப்பட்டன. எந்தப் பகுதியில் மக்கள் எவ்வளவு இழந்தார்கள் என்ற புள்ளிவிவரத்தை உள்துறை தொடர்ந்து வெளியிடுகிறது. பந்தயத்துக்கென்றே ஓர் அமைச்சர் இருக்கும் நாடு அது; கேள்வி கேட்க ஒரு முகம் இருக்கிறது.

சென்னைக்கு வருவோம். கிண்டி குதிரைப் பந்தயத் திடலிலும் புக்கிகள் இருந்தார்கள், டோட்டும் இருந்தது. 1974இல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்குகளில் அது நின்றுபோனது. 1986இல் எம்.ஜி.ஆர் அரசு அந்தத் திடலை நடத்திய கிளப்பையே அரசுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டும் உச்ச நீதிமன்றத்தில் சேர்ந்து விசாரிக்கப்பட்டு, 1996 ஜனவரி 12 அன்று கே.ஆர்.லட்சுமணன் வழக்கின் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் டோட்டலைசேட்டருக்கும் சில வரிகள் உண்டு. கட்டிய பணத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பந்தய வரியையும் கிளப்பின் பங்கையும் கழித்து, ஜெயித்தவர்களுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுத் தரும் மின்னணுக் கருவி என்று அது விளக்கப்பட்டிருக்கிறது. ஜூலியஸின் தண்டுகளும் எடைகளும் போய் மின்னணு வந்துவிட்டது, செய்யும் வேலை அதேதான்.

அந்தக் கிண்டியில் அந்த எந்திரத்தின் கண்ணில் படாத ஒரு கணக்கும் இருந்தது. நகரின் நடுவே 160 ஏக்கர் அரசு நிலம் 1945இல் ஆண்டுக்கு 614 ரூபாய் சில்லறை வாடகைக்குக் கொடுக்கப்பட்டது. வாடகையை 1970 முதல் உயர்த்த அரசு எடுத்த நடவடிக்கை பல்லாண்டுகள் வழக்கில் கிடந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் பாக்கி சுமார் 730 கோடி ரூபாய் என்று ஏற்று, அதைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. வாசலுக்கு உள்ளே பத்து ரூபாய் டிக்கெட்டுக்கும் அந்த நொடியே கணக்கு. அதே வாசலுக்கு வெளியே பொதுமக்களின் நிலத்துக்கு அரை நூற்றாண்டாகக் கணக்கு முடியவில்லை. எண்ணத் தெரியாததால் நேர்ந்தது என்று இதைச் சொல்ல முடியாது. டிக்கெட் வாங்கியவர் ஜன்னல் முன்னால் நின்று தன் பணத்தைக் கேட்கிறார். நிலத்தின் சொந்தக்காரர்களான நாம் அப்படி நின்று கேட்கவில்லை.

வாக்கு எந்திரம் என்ன ஆனது? ஜூலியஸ் கைவிட்ட இடத்திலிருந்து அது வேறு வேறு கைகளில் வேறு வேறு நாடுகளில் பிறந்தது. இந்தியாவில் 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் ஐம்பது வாக்குச் சாவடிகளில் மின்னணு எந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது. வழக்கு வந்தது, எந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் சொல்லிவிட்டது. 1988 இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இந்த எந்திரத்தின் வடிவமைப்பை பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மேற்பார்வையிட்டவர் நம் எழுத்தாளர் சுஜாதா என்பது தமிழ் வாசகர்கள் பலருக்கும் தெரியும். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் அது வந்தது. 2004இல் மக்களவையின் 543 தொகுதிகளிலும்.

டோட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். பந்தயம் கட்டியவருக்குக் கையில் டிக்கெட், கண் முன்னால் ஏறும் எண். தான் கட்டியது எண்ணிக்கையில் சேர்ந்ததை அவர் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். வாக்காளருக்கு அப்படிச் செய்ய முடியாது. வாக்கு ரகசியம், சீட்டைக் கையில் கொடுத்தனுப்பினால் வெளியே காத்திருப்பவர் அதைக் காட்டச் சொல்லிப் பணம் கொடுப்பார், அல்லது அடிப்பார். அதனால் வாக்கு எந்திரத்தைப் பொறுப்புக்கூற வைப்பது டோட்டைவிடக் கடினமான பொறியியல். கடினம் என்பதற்காக விட்டுவிட முடியாது என்று பலர் நீதிமன்றம் வரை போனார்கள். யாருக்கு வாக்களித்தோம் என்று கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி காட்டிவிட்டு, சீட்டைப் பெட்டிக்குள் விழச்செய்யும் கருவி 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அடுத்த மாதமே, சுதந்திரமான தேர்தலுக்கு அது இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எல்லர்ஸ்லியில் டிக்கெட் வாங்கியவர் தன் கணக்கைக் கண்ணால் பார்த்ததற்கு நூறு ஆண்டுகள் கழித்து.

2019 மக்களவைத் தேர்தலில் அந்தக் கருவி எல்லாச் சாவடிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சீட்டுகள் முழுவதையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்று ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகள் மட்டும் எண்ணப்பட்டு எந்திரத்தின் கணக்கோடு ஒப்பிடப்படுகின்றன.